ஆரம் பத்து மீட்டர்

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் யானை முகாமுக்கு ஏறி வந்தேன். ஸ்கூல் கட்டடம் ஒழுகுதுன்னு மழைக்காலத்துல எங்களைப் பழைய தீவனக் கொட்டகைக்கு மாத்தினாங்க. மழை போய் மாசம் ரெண்டாச்சு, நாங்க இன்னும் கொட்டகையிலதான் இருக்கோம். எதுத்தாப்ல ஒரு பெரிய புளியமரம். மதம் பிடிச்ச யானையை இந்த முகாம்ல அந்த மரத்துலதான் கட்டுவாங்களாம். யானைதான் இங்க மூத்த குடி, நாங்க வாயைத் திறக்க முடியாது.

இப்ப அங்க சடையன் நிக்குது. லீவு விடறதுக்கு முந்தின நாள் கட்டினாங்க. அன்னிக்கு ஜன்னல்ல பசங்களோட நானும் நின்னு பாத்தேன். வந்த கோவத்துக்கு மரத்தை ரெண்டு சுத்து சுத்துச்சு, சங்கிலியை இழுத்துப் பாத்துச்சு, அப்புறம் எங்க பக்கமா மூஞ்சியைத் திருப்பிட்டு நின்னதுதான். இன்னும் அப்படியே ஆடிட்டு நிக்குது. கன்னத்துல மதநீர் வழிஞ்சு கறுப்பாக் கோடு. அந்த வாடையில சோறு இறங்க மாட்டேங்குது.

பாகன் ஆறுச்சாமி அண்ணன் பொள்ளாச்சி ஆஸ்பத்திரில கிடக்காரு. கட்டின மறுநாளே தும்பிக்கையால ஒரு வீச்சு, கை ரெண்டு எடத்துல ஒடஞ்சு போச்சு. பெத்த புள்ளையாட்டம் வளத்த மனுசன். அவருக்குப் பதிலா வேற முகாம்ல இருந்து ஒரு ஆளு பொங்கலன்னிக்கு வந்து சேந்திருக்காரு. பேரு மாசாணன். காவடி, அதாவது பாகனுக்குத் துணையாளு. இன்னும் நிரந்தரம் ஆகலையாம். என்னைப் பாத்ததும் முதல் பேச்சே, "டீச்சர், உங்க பசங்க கோரஸ் பாடினா சடையன் மொறைக்கறான்ங்க. கொஞ்சம் மெதுவாப் படிக்கச் சொல்லுங்க."

"சடையன் சங்கிலியை உலுக்கற சத்தத்துல எங்களுக்கும்தான் பாடம் ஓடலை. அவன்கிட்டயும் சொல்லி வைங்க"ன்னேன்.

சிரிச்சாரு. சிரிக்கறதுக்கு என்ன இருக்கு இதுல?

ஜனவரி 19, வெள்ளி

ரேஞ்சர் வந்தாரு. குடியரசு தினத்துக்கு மேலதிகாரிங்க வர்றாங்களாம், அதுக்குள்ள சடையனைச் சுத்திக் கயிறு கட்டணுமாம். யாரும் அதைத் தாண்டி உள்ள போகக் கூடாது. நல்ல யோசனைதான். ஆனா எத்தனை மீட்டர் கயிறு வாங்கறது? மரத்துக்கிட்டப் போய் டேப்பு பிடிக்க எவனும் தயாரா இல்லை. வெளிய சுத்தி அளக்கலாம்னா மரத்துக்குப் பின்னாடி ஓடைச் சரிவும் முள்ளுப் பொதரும். சடையன் மிதிச்சு மிதிச்சுப் புல்லெல்லாம் போய் மண்ணு மொட்டையாக் கிடக்கே, அந்த வளைவு எங்க பக்கம் மட்டும்தான் தெரியுது. முழு வட்டம் எங்கயும் இல்லை.

"ஒரு வில் தெரிஞ்சாப் போதும் சார். முழு வட்டத்தையும் நான் கணக்குப் போட்டுத் தர்றேன்"னுட்டேன்.

ரேஞ்சர் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. மாசாணனும் பாத்தாரு. என் வாய் இருக்கே!

ஆனா யோசிச்சுப் பாத்தா நல்லதுக்குத்தான். ஏழாம் வகுப்புல இப்ப வட்டம்தான் ஓடிட்டு இருக்கு. மையம், ஆரம், விட்டம், நாண், வில், சுற்றளவுன்னு கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்குதுங்க, ஒண்ணுகூட மண்டையில ஏறலை. தர்ஷினிகிட்ட "நாண்னா என்ன?"ன்னு கேட்டா "வெக்கம் டீச்சர்"ங்கறா.

ஜனவரி 22, திங்கள்

அளந்தாச்சு. ஒருவழியா அளந்தாச்சு.

மாசாணன் ஒரு கட்டு மூங்கில் தழையை மரத்துக்கு அந்தப் பக்கம் வீசிப் போட்டாரு. சடையன் எங்களுக்கு முதுகு காட்டி அதைத் தின்ன ஆரம்பிச்சதும், வளைவோட விளிம்புல ரெண்டு முளை அடிச்சு நூல் இழுத்துக் கட்டினாரு. பசங்களைக் கொட்டகை வாசப்படி தாண்ட விடலை. நான் மட்டும் விளிம்புக்கு வெளிய நின்னு கத்தினேன். நூல்தான் நாண். பன்னண்டு மீட்டர். நூலோட நட்டநடுவுல இருந்து வளைவு வரைக்கும் ரெண்டு மீட்டர். வளைவுக்கு உள்பக்கம் கால் வெச்சு அந்த ரெண்டு மீட்டரையும் மாசாணன்தான் அளந்தாரு. மனுசன் ஏதோ பூப்பறிக்கப் போன மாதிரி நிதானமாக் குனியறாரு. நான் இங்க சீக்கிரம், சீக்கிரம்னு கத்தறேன். யாராயிருந்தாலும் கத்தத்தானே செய்வாங்க.

அப்புறம் கரும்பலகை. பாதி நாண் ஆறு. ஆறாறு முப்பத்தாறு, ரெண்டால வகுத்தாப் பதினெட்டு, அதோட ஒரு ரெண்டு, இருபது. விட்டம் இருபது மீட்டர், ஆரம் பத்து. சடையனால எட்ட முடிஞ்சது பத்து மீட்டர். பாதுகாப்புக்கு இன்னொரு ரெண்டு சேத்துப் பன்னண்டு மீட்டர்ல கயிறு. சுற்றளவு எழுபத்தஞ்சரை. முடிச்சுக்கும் சேத்து எழுபத்தெட்டு மீட்டர் வாங்கச் சொல்லி ரேஞ்சருக்குச் சொல்லியனுப்பினேன்.

மாசாணன் வாசல்ல நின்னு பலகையைப் பாத்துட்டே இருந்தாரு. "மரத்தையே தொடாம மரத்துல இருந்து எவ்வளவு தூரம்னு சொல்லிட்டீங்களேங்க"ன்னாரு.

"கணக்குன்னா அப்படித்தான்"னேன். கொஞ்சம் கெத்தாத்தான் சொன்னேன்.

ஜனவரி 23, செவ்வாய்

செக்போஸ்ட்டுக்கு நடந்து போய் அம்மாவுக்கு போன் பண்ணினேன், முகாம்ல டவர் கிடையாது. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்களாம். மாப்பிள்ளை மில்லுல இன்ஜினியர். சரின்னுட்டேன், வேறென்ன சொல்றது.

ஜனவரி 25, வியாழன்

காலையிலயே கயிறு கட்டியாச்சு. பொதரை வெட்டி, ஓடைச் சரிவுல இறங்கி ஏறி, முளைக்கு முளை கட்டிட்டு வந்து ஆரம்பிச்ச எடத்துல சேத்தா, கையில மிச்சம் நிக்கறது முடிச்சுப் போடற அளவுதான். ரேஞ்சர் கைதட்டினாரு. பசங்க குதிச்சதுங்க. எனக்கும் உள்ளுக்குள்ள ஜிலுஜிலுன்னுதான் இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

ஒண்ணுதான் பிடிக்கலை. கயிறு கட்டினதுல இருந்து இந்த மாசாணன் கயித்தோரமாவே உக்காந்துக்கறாரு. தழை வெட்டறது அங்க, பீடி அங்க, மதியச் சோறும் அங்க. நேத்து வரைக்கும் கொட்டகைச் சுவத்தோரம் உக்காந்த ஆளு.

"கொஞ்சம் தள்ளித்தான் உக்காருங்களேன், கயித்துல சாஞ்சு உக்காரணும்னு ஏதாவது நேத்திக்கடனா?"ன்னு கேட்டேன்.

"கண்ணுல அளந்தா தப்புமுங்க டீச்சர். இது நீங்க போட்ட கயிறு. பாய் போட்டே தூங்கலாம்"ங்கறாரு.

ஆறுச்சாமி அண்ணனுக்கு இந்த மரத்தடியில ஒவ்வொரு அடியும் தெரியும். இவருக்குச் சடையனையும் தெரியாது, எடத்தையும் தெரியாது. சங்கிலிகூடப் பாதிக்கு மேல கண்ணுக்குத் தெரியறதில்லை. ரெண்டு வாரத் தழைக்குப்பை மரத்தடியில முழங்கால் உசரத்துக்குக் கிடக்கு, யாரு போய் அள்றது? அதனால கயித்தை நம்பறாரு. நம்பட்டும், அதுக்குத்தானே கட்டினது.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேத்தினோம். மிட்டாய் குடுத்தோம். மேலதிகாரி கயித்து வேலியைப் பாத்துட்டு யாரு கணக்குன்னு கேட்டாரு. ரேஞ்சர் என்னைக் காட்டினாரு. மதம் வந்த யானை இன்னொரு முகாம்லயும் இருக்காம், அங்கயும் இதே மாதிரி வளைவை அளந்து கட்டச் சொல்லிட்டாங்க.

பசங்க அணிவகுப்பு நடந்தப்ப ஒரே சிரிப்பு. பேண்டு சத்தம் கேட்டோ என்னவோ, சடையனும் நடக்க ஆரம்பிச்சுருச்சு. ரெண்டு வாரமா நின்ன எடத்துல ஆடிட்டு இருந்தது, இன்னிக்கு மரத்தை ஒட்டி மெதுவா ஒரு நடை. கட்டின அன்னிக்கு வலமாச் சுத்துச்சு, இன்னிக்கு இடமாச் சுத்துது. "சடையனும் பரேடு போறான் டீச்சர்!"னு தர்ஷினி கத்தறா. "அவனுக்கு லெஃப்ட் ரைட்டு தெரியலை"ன்னு நானும் சேந்து கேலி பண்ணினேன்.

மத்தியானம் மாசாணன் ஒரு இலையில சுட்ட கிழங்கு கொண்டு வந்து குடுத்தாரு. நாணை வெச்சு மையத்தை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு திரும்பச் சொல்லித் தரச் சொன்னாரு. மண்ணுல குச்சியால போட்டுக் காட்டினேன். சட்டுனு பிடிச்சுக்கிட்டாரு. ஏழாம் வகுப்புல விட்டதாம் படிப்பு. நாளைக்கு ஊருக்குப் போறேன்னு சொன்னதும், "என்ன விசேசமுங்க?"ன்னாரு.

"ஒண்ணுமில்லை, வீட்டுக்கு ஒறம்பரை வர்றாங்க"ன்னேன். முழுசாச் சொல்லியிருக்கலாம். அவருகிட்ட எதுக்குச் சொல்லணும்?

ஜனவரி 27, சனி

வீடு. அம்மா ஒரு பட்டியல் வேலை வெச்சிருந்தாங்க. ஒட்டடை அடிச்சேன், டம்ளர் தேச்சேன், முறுக்குப் பிழிஞ்சேன். ரவிக்கை கை இறுக்குது, பிரிச்சுத் தெச்சேன். கிளம்பறப்ப சடையன் மரத்துக்கு அந்தப் பக்கம் நடந்துட்டு இருந்துச்சு. மாசாணன் கயித்தோரமா நின்னு கையை ஆட்டினாரு, பசங்களுக்குத்தான் ஆட்டியிருப்பாரு.

ஜனவரி 28, ஞாயிறு

பஸ்ஸுல எழுதறேன். எழுத்து கோணலாத்தான் வரும். எழுதாம சும்மா உக்காந்தாப் பைத்தியம் பிடிச்சுரும்.

மத்தியானம் அவங்க வந்து உக்காந்துட்டாங்க. மாப்பிள்ளை, அப்பா, அம்மா, ஒரு சித்தி. நான் உள்ள பட்டுச்சேலை கட்டித் தயாரா நிக்கறேன். பக்கத்து வீட்டு நாயி ஓயாமக் கத்துது. பேச்சே கேக்கலை. "போய் அதைக் கொஞ்சம் பாரு அம்மிணி, கொல்லைப்பக்கமாப் போ"ன்னாங்க அம்மா.

போனேன். நாயைத் தென்னைமரத்துல நீளக் கயிறு போட்டுக் கட்டியிருக்காங்க. அது மரத்தைச் சுத்திச் சுத்தி வந்து கயித்தை எல்லாம் மரத்துக்கே சுத்தி விட்டுட்டு, கழுத்து இறுகி, எட்டடி தள்ளி இருக்கற தண்ணிச்சட்டியைப் பாத்துக் கத்துது. கழுத்துப்பட்டையைப் பிடிச்சு எதிர்ப்பக்கமா ரெண்டு சுத்து கூட்டிட்டு வந்தேன். விட்டதும் பாய்ஞ்சுது பாருங்க, சட்டியைத் தாண்டி, வேலியோரம் நின்ன என் மேல விழுந்து சேலை பூரா சேறு. நான் நின்ன எடத்துக்கு அதால வரவே முடியாதுன்னு நினைச்சுத்தான் நின்னேன்.

கயிறு அதே கயிறுதான்.

அங்கயே உக்காந்துட்டேன். சடையன் கட்டின அன்னிக்கு ரெண்டு சுத்து சுத்துச்சு. நான் பாத்தேன். என் கண்ணால பாத்தேன். சங்கிலி மரத்துல ரெண்டு வளையம் சுத்தியிருக்கு, குப்பைக்குள்ள யாருக்கும் தெரியலை. நான் அளந்த வளைவு, சங்கிலி சுருங்கிக் கிடந்தப்ப அது மிதிச்ச வளைவு. புளியமரம் குறுக்க ஒரு மீட்டர் இருக்கும். ஒரு சுத்துக்கு மூணு மீட்டருக்கு மேல சங்கிலியை முழுங்கும். ரெண்டு சுத்து, ஆறு மீட்டரும் மிச்சமும். பத்தும் ஆறும் பதினாறு. கயிறு கட்டியிருக்கறது பன்னண்டுல.

வெள்ளிக்கிழமையில இருந்து அது எதிர்ப்பக்கமாச் சுத்துது. நான் கேலி பண்ணிட்டு வந்தேன்.

அந்தக் கயித்துல சாஞ்சு உக்காந்து சோறு திங்கற ஆளு ஒருத்தருதான்.

ரேஞ்ச் ஆபீஸ் போனுக்கு அடிச்சேன், அடிச்சேன், ஞாயித்துக்கிழமை யாரும் எடுக்கலை. செக்போஸ்ட் ஆளோட நம்பர் என்கிட்ட இல்லை. ரேஞ்சர் செல்லு அணைஞ்சு கிடக்கு. சேத்துச் சேலையோட கூடத்துக்கு வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்க, நான் முகாமுக்குப் போயாகணும், ஒருத்தரு உயிரு"ன்னேன். மாப்பிள்ளையோட அப்பா எந்திரிச்சுட்டாரு. அம்மா, "யாருடி உயிரு?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல நேரமில்லைன்னு ஓடி வந்துட்டேன்.

இந்த பஸ் ஏன் இப்படி ஊருது? டிரைவர் டீ குடிக்கறாரு. மனுசனாடா நீ. கொண்டை ஊசி வளைவுல எல்லாம் நான் பாட்டுக்கு முன்சீட்டைப் பிடிச்சு முன்னாடி தள்றேன்.

ஜனவரி 29, திங்கள்

உயிரோட இருக்காரு. முதல்ல அதை எழுதிடறேன்.

செக்போஸ்ட்டுல இறங்கினப்ப நல்ல வெளிச்சம் இருந்துச்சு. சேலையைத் தூக்கிச் சொருகிட்டு ஓடினேன். தூரத்துலயே தெரிஞ்சுது. சடையன் மரத்தோட ஒட்டி, நெத்தியைப் பட்டையில வெச்சுத் தூங்கற மாதிரி நிக்குது. மாசாணன் கயித்தோரம் குத்துக்காலிட்டுத் தழை கழிச்சுட்டு இருக்காரு. எப்பவும் போல.

கத்தினா சடையன் திரும்பிடுமோன்னு பயம். கத்தலை. கிட்டப் போய் மெதுவா, "எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க"ன்னேன்.

"அட, டீச்சர்! ஒறம்பரை போயிட்டாங்களாங்க? என்னங்க இது, சேலையெல்லாம் சேறு?"

"சடையன் எத்தனை சுத்து சுத்துச்சு, இடமா?"

"முந்தாநாள் ஆரம்பிச்சு நேத்துக்குள்ள ஒண்ணு, இன்னிக்குக் காலையில ஒண்ணு இருக்கும். ஏனுங்க?"

"வெளிய வாங்க மாசாணன்."

சிரிக்கறாரு. "வெளியதானுங்க இருக்கேன். கயிறு பாருங்க, எனக்கும் சடையனுக்கும் நடுவுலதான இருக்கு. நீங்க போட்ட கயிறு."

"கணக்குத் தப்பு"ன்னேன்.

இந்த வார்த்தையை நான் யாருகிட்டயும் சொன்னதே இல்லை. அவருக்குப் புரியலை. "கட்டின அன்னிக்கு அது மரத்தை ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சு. நான் பாத்தேன். இப்ப பிரிஞ்சிருச்சு. அதால இங்க வர முடியும்."

திரும்பி மரத்தடியைப் பாத்தாரு. குப்பைக்குள்ள இருந்து சங்கிலி தொளதொளன்னு மடிஞ்சு கிடக்கறது அப்பத்தான் அவரு கண்ணுல பட்டிருக்கணும். மூஞ்சி மாறிப் போச்சு. அதே நேரம் சடையனோட காது ரெண்டும் விரிஞ்சு நின்னுச்சு. அது தூங்கவே இல்லை.

அவரு "ஓடுங்க"ன்னு ஒரு கத்து கத்தினாரு. கத்திட்டு என் பக்கம் வரலை. கயித்தை ஒட்டியே பக்கவாட்டுல, ஓடைப்பக்கமா, கையைத் தட்டிக்கிட்டு ஓடினாரு. சடையன் அந்தப் பக்கம் திரும்பிச்சு. கயிறு அறுந்தது எனக்குக் கேக்கவே இல்லை. முளைங்க பறந்துச்சு. தும்பிக்கை அவரு தொடையில பட்ட சத்தம் கேட்டுச்சு, அது இன்னும் காதுல இருக்கு. அவரு உருண்டு போய் விழுந்தாரு. அதுக்கப்புறம் சங்கிலி விறைச்சுது. சடையன் தும்பிக்கையை நீட்டுது, நீட்டுது, அவரு காலுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு முழம்தான் இருந்திருக்கும். அந்த முழத்தை அதால தாண்ட முடியலை. மண்ணை வாரி வாரி அவரு மேல எறிஞ்சுது.

ஆளுங்க வந்து தூக்கினாங்க. ஜீப்புல நானும் போனேன். தொடையெலும்பு.

நான் எங்க நின்னேன்னு எழுத வேண்டாம்னு பாத்தேன். எழுதிடறேன். தண்ணிக் குழாய்கிட்ட நின்னேன். குழாய் மரத்துல இருந்து பதினாலு மீட்டர். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் பதினாறு, பதினாறுன்னு எண்ணிட்டு வந்தவ, நேரா வட்டத்துக்குள்ள போய் நின்னிருக்கேன். அவரு என் பக்கம் ஓடி வந்திருந்தா சடையனும் என் பக்கம் வந்திருக்கும்.

ஜனவரி 30, செவ்வாய்

காலையில ஆபரேசன். முடிஞ்சுருச்சுன்னு செக்போஸ்ட்டுல சொன்னாங்க. நாள் பூரா பசங்களுக்கு வாய்ப்பாடு எழுதக் குடுத்துட்டுச் சும்மா உக்காந்திருந்தேன்.

ஜனவரி 31, புதன்

ரேஞ்சர் விசாரணைக்கு வந்தாரு. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "நீங்க பதறாதீங்க டீச்சர், உங்க மேல ஒண்ணுமில்லை. நேத்துச் சாயந்தரம் நினைவு வந்ததும் மாசாணனே சொல்லிட்டான், குப்பை அள்ளலாம்னு கயித்தைத் தாண்டி உள்ள போனேன்னு. அவன் தப்புதான்"னாரு.

அவரு எங்க உள்ள போனாரு?

"பாவம், இந்த வருசம் நிரந்தரம் ஆக வேண்டியவன். விதியை மீறி உள்ள போனான்னு எழுதிட்டா இனி அந்தப் பேச்சே இல்லை. கால் வேற இப்படி ஆயிருச்சு. என்ன பண்றது, அவனே ஒத்துக்கிட்டான்."

"அந்த இன்னொரு முகாம்ல கயிறு...?"

"இன்னிக்குக் கட்டறாங்க. உங்க முறைதான்."

இவரு சொன்னது என் காதுல விழுந்துச்சா இல்லையான்னு தெரியலை. தலையை ஆட்டிட்டு வகுப்புக்குள்ள வந்துட்டேன். ஒரு மணி நேரம் அங்கயே இருந்துட்டேன். அந்த ஒரு மணி நேரத்துல நான் நினைச்சதை எல்லாம் இங்க எழுதப் போறதில்லை. எனக்கும் தற்காலிக வேலைதான், அம்மாவும் நானும்தான் வீட்டுல, இதை மட்டும் சொல்லி வைக்கறேன்.

அப்புறம் தர்ஷினி வந்து, "டீச்சர், மாசாணன் மாமா கயித்தைத் தாண்டவே இல்லை. நான் சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து பாத்தேன். ஏன் பொய் சொல்றாங்க?"ன்னு கேட்டா.

எந்திரிச்சு ரேஞ்ச் ஆபீசுக்கு நடந்தேன். மழைத்தூறல். குடை எடுக்கலை.

பலகையில போட்ட அதே படத்தை ரேஞ்சர் மேசையில போட்டுக் காட்டினேன். நாண் சரி, ஆரம் சரி, சுற்றளவு சரி. வட்டம்தான் தப்பு. சடையன் மாட்டிக்கிட்டு நின்னப்ப மிதிச்ச வட்டம் அது. சங்கிலி எத்தனை மீட்டர்னு யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. ஆறுச்சாமி அண்ணனை விட்டா அது சுத்தினதைப் பாத்த பெரிய ஆளு நான்தான். "முதல்ல அந்த முகாமுக்கு வயர்லெஸ்ல சொல்லுங்க சார். மத்ததை அப்புறம் பேசலாம்."

சொன்னாரு. வயர்லெஸ்ஸை வெச்சுட்டு என்னைப் பாத்தாரு. "இதை நான் எழுதினா உங்களை இங்க வெச்சிருக்க மாட்டாங்க, தெரியுமில்ல?"

"தெரியும். எழுதுங்க."

"அவனே ஒத்துக்கிட்டப்ப உங்களுக்கு என்னம்மா?"

"அவரு கயித்துக்கு இந்தப் பக்கம்தான் இருந்தாரு சார்"னு சொன்னேன், அழுகை வந்துருச்சு. ரேஞ்சர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு எழுதினாரு.

பிப்ரவரி 2, வெள்ளி

நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. புது ஆள் வர்ற வரைக்கும் வகுப்பு இல்லை. பொட்டியைக் கட்டினேன். பசங்களுக்கு நோட்டு திருத்தி முடிச்சேன். தர்ஷினிக்கு இன்னும் விட்டத்துக்கும் ஆரத்துக்கும் குழப்பம்தான்.

பிப்ரவரி 3, சனி

நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கால் கட்டுப் போட்டு மேல தொங்குது. பக்கத்துல அவங்க அம்மா முந்தானையால விசிறிட்டு உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்ததும் அவரு மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. ரேஞ்சர் வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாராம்.

"நான் சொன்னதைப் பொய்யாக்கிட்டீங்க"ன்னாரு.

"பொய்தானே."

"என் காலு எப்படியும் போச்சுங்க. ஒரு இஞ்சு குட்டையாத்தான் இருக்கும்ங்கறாங்க, இனி யானை மேல ஏறறது கஷ்டம். நீங்களாவது அங்க இருந்திருந்தா பசங்க நாலெழுத்துப் படிச்சிருக்கும். இப்ப ரெண்டு பேரும் போயாச்சு. என்ன கண்டீங்க?"

"உங்களை நிரந்தரம் பண்ண எழுதியிருக்காங்க. ஆபீஸ் வேலையாவது தருவாங்க."

"அதை யாரு கேட்டாங்க?" கோவத்துல குரல் எழும்புது. அவங்க அம்மா, "மெதுவாப் பேசு சாமி"ன்னாங்க. அவரு கேக்கலை. "பதினாறு மீட்டர்னு தெரிஞ்சுதானே வந்தீங்க? அந்தாண்டையே நின்னு கூப்பிட வேண்டியதுதானே? குழாய்கிட்ட வந்து நிக்கறீங்க! நான் திரும்பிப் பாத்தப்ப எனக்கு உயிரே போச்சு. கணக்கு வாத்தியாரு, எங்க நிக்கறதுன்னு தெரியாதா?"

"தெரியலை"ன்னேன். "கோடு எங்க இருக்குன்னே எனக்கு அப்ப ஞாபகம் இல்லை. நீங்க உக்காந்திருந்தீங்க. உங்களைத்தான் பாத்தேன். வந்துட்டேன்."

அவங்க அம்மா விசிறறதை நிறுத்திட்டாங்க.

எனக்கும் கோவம் வந்துச்சு. வரட்டும். "நீங்க மட்டும் என்ன பண்ணினீங்க? அன்னிக்கு மண்ணுல போட்டுக் காட்டினேனில்ல? மையத்துல இருந்து நேரா வெளிய ஓடினா நாலே மீட்டர், ரெண்டு எட்டுல தப்பிச்சிருக்கலாம். வளைவை ஒட்டி ஓடினா எத்தனை தூரம் ஓடினாலும் அது எட்டற எடத்துலயேதான் இருப்பீங்க. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். எதுக்கு அப்படி ஓடினீங்க?"

அப்பத்தான் இந்தப் பக்கம் திரும்பினாரு.

"நேர் வழியில நீங்க நின்னுட்டு இருந்தீங்க டீச்சர்."

அவங்க அம்மா எந்திரிச்சு, கட்டிலுக்கு அடியில இருந்த ஸ்டூலை இழுத்து எனக்குப் போட்டாங்க. உக்காந்தேன்.